ஒரு பெயர், பல நோய்கள்

சினைப்பைப் புற்றுநோய் வந்து, ‘எனக்கு ஏன் இது வந்தது?’ என்று கேட்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பயாப்சி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்பது பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர்.

பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்கு வருவது ‘ஹை கிரேட் சீரஸ்’ வகை. அதிக உயிர்களைப் பறிப்பதும் அதுதான். மாதாமாதம் முட்டை வெளிவரும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுவதே புற்றுக்கு வழி என்று எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971-இல் எழுதினார். பிள்ளை பெற்றவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இந்நோய் குறைவாக வருவதற்கு அந்த விளக்கம் பொருந்தியது. ஆனால் 2001-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பரம்பரை ஆபத்து உள்ள பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக அகற்றிய உறுப்புகளைச் சோதித்தபோது, செல்கள் மாறத் தொடங்கியிருந்தது கருக்குழாயில். பிந்தைய ஆய்வுகளும் குழாயின் விரல் விரலாகப் பிரிந்த நுனியையே சுட்டின.

அந்தப் பரம்பரை ஆபத்து பெரிது. பிஆர்சிஏ 1 மரபணு பழுதான பெண்களில் 100-க்கு 44 பேருக்கும், பிஆர்சிஏ 2 பழுதானவர்களில் 17 பேருக்கும் 80 வயதுக்குள் நோய் வரலாம் என்கிறது 2017-இல் வெளியான பெரிய ஆய்வு. நம் வீடுகளில் அம்மா, பாட்டி என்று தாய்வழியை மட்டும் விசாரித்துவிட்டு நிம்மதியடைகிறோம். பழுது அப்பா வழியாகவும் அதே அளவுக்கு வரும். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், அதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

‘கிளியர் செல்’, ‘எண்டோமெட்ரியாய்டு’ வகைகளின் கதை வேறு. கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு முதல் வகையின் ஆபத்து மூன்று மடங்கு, இரண்டாவதன் ஆபத்து இரண்டு மடங்கு. அதற்காகப் பயந்துவிட வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறும் இவ்விரு வகைகளோடு தொடர்புள்ளது. ‘மியூசினஸ்’ வகைக்குப் புகைபிடித்தல் ஒரு காரணம். இளம்பெண்களுக்கு வரும் ‘ஜெர்ம் செல்’ கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. ஆனால் அவை நன்றாகக் குணமாகக்கூடியவை.

இன்னொன்று: ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று எழுதியிருந்தாலே புற்றுநோயோ என்று கலங்கும் பெண்கள் ஏராளம். சினைப்பையில் நீர்க்கட்டிகள் தென்படும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு சினைப்பைப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயைக் கட்டினாலே எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல் வகைகளின் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. சீரஸ் வகையில் பலன் குறைவு. அதனால்தான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கர்ப்பப்பையை எடுக்கும்போதும் கருத்தடை செய்யும்போதும் குழாய்களை முழுதாக அகற்றிவிடும் முறையை 2010-இல் பரப்பத் தொடங்கினார்கள். அப்படி அகற்றிக்கொண்டவர்களிடம் சீரஸ் புற்று எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஹார்மோனைச் சுரப்பது சினைப்பைதான், குழாய் அல்ல. எனவே பிள்ளைப்பேறு போதும் என்று முடிவெடுத்து அந்த ஆபரேஷனுக்குப் போகும் பெண், ‘குழாயை எடுத்துவிடலாமா டாக்டர்?’ என்று கேட்கலாம். பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கு மட்டும் அது போதாது. உரிய வயதில் சினைப்பைகளையும் எடுக்கச் சொல்வார்கள்.