மீன் வாங்கும் முன் தண்ணீரை வளர்ப்போம்

மஸ்ஜித் தானாவில் வசிப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு மாலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அங்குள்ள பாடாங் கெமுந்திங் ஆமைப் பாதுகாப்பு மையத்திற்குக் கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் என் மகளை அழைத்துப் போனேன். பவளப் பாறைகளில் இரை தேடும் அழுங்காமைகள் முட்டையிட வரும் கரை இது. திரும்பும் வழியில் அவள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்: "அப்பா, நம்ம வீட்டுல ஒரு சின்னக் கடல் வைக்க முடியுமா?"

எனக்கு மீன் புதிதல்ல. தோட்டத்தில் வளர்ந்தவன். லயத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் சண்டை மீன் பிடித்து, ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்த்த அனுபவம் உண்டு. அந்தத் துணிச்சலில், தொட்டி, உப்பு, இரண்டு கோமாளி மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஒன்று போனது, மாலையில் மற்றது. கறிவேப்பிலைச் செடியடியில் குழி தோண்டிய மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

எங்கே தவறினேன்?

மீனின் கழிவும் மிஞ்சும் இரையும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை, கேடு குறைந்த நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவில் இருக்காது. பாறையிலும் மணலிலும் அவை பெருகிக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நான் கொடுத்ததோ ஐந்து நாள்.

இதை நமக்கு அருகிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழ்களை மட்டும் விட்டுப் பவளங்களை வளர்த்தார். தம் முறையை 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதினார். அவருடைய தொட்டியைச் சுத்திகரித்தவை அந்தப் பாறையில் வாழ்ந்த உயிர்கள்தான். இன்றைய பவளத் தொட்டிகளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இரண்டாவது முறை

இந்த முறை முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தொடக்கக்காரர்களுக்கு மிகச் சிறிய தொட்டி ஆகாது. தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தவறும் பெரிதாகிவிடும். நான் 200 லிட்டர் தொட்டியை எடுத்தேன். தண்ணீர் மட்டுமே 200 கிலோவுக்கு மேல். கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். டிவி மேசை தாங்காது. சன்னல் வெயில் படாத, உறுதியான தரைமேல் தனி மேசை வேண்டும். மின்கம்பிகள் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறுமாறு விடுங்கள். கம்பி வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

அடுத்தது தண்ணீர். பெங்காலான் பாலாக்கில் வாளியோடு போய் மொண்டுவரலாமே என்று அம்மா கேட்டார். மலாக்கா நீரிணை உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. கரையோர நீரில் சேறும் ஆற்றுக் கழிவும் கலந்திருக்கும். குழாய் நீரிலோ குளோரின் இருக்கும். அதனால் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைப்பதே பாதுகாப்பு. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். உப்பு அளவியில் அடர்த்தி 1.025 காட்டினால் சரி. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரை நான் வீணாக்குவதில்லை. 1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டு மலாக்கா தவித்ததைப் பார்த்தவர் அம்மா. அந்த நீரெல்லாம் இப்போது கார் கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது.

வெப்பம்தான் வில்லன்

குளிர் நாடுகளில் தொட்டிக்குச் சூடேற்றி வாங்குகிறார்கள். நமக்கோ எதிர்ப் பிரச்சினை. பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை ஏற்றது. எங்கள் தாமான் வீட்டில் பிற்பகலில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொட்டது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. வெப்பம் மிஞ்சினால் பவளம் அவற்றை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூட வைத்தது இந்த வெளுப்புதான்.

நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி வரை குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பு நீரை அல்ல, வடிகட்டிய நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். விசிறி போதவில்லை என்றால் குளிரூட்டிக் கருவி தேவைப்படும். தொட்டியைவிட அதற்குக் கூடுதலாகச் செலவாகலாம். மாதாமாதம் மின்கட்டணமும் ஏறும். இதைத் திட்டமிடும்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் விட்டு, பிறகு பழைய குளிரூட்டி ஒன்றைத் தேடி அலைந்தேன். மின்தடைக்கென்று பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

காத்திருந்த வாரங்கள்

பாறை, மணல், உப்பு நீர், ஒரே ஒரு பச்சை இறால் துண்டு. இவ்வளவுதான் எங்கள் தொட்டியில் இருந்தது. "வெறுந் தண்ணிக்கு இவ்வளவு காசா?" என்றார் அம்மா. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, சோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்து நாள்தோறும் எண்களை எழுதினாள். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது. 38-ஆம் நாள் இரண்டும் பூச்சியம். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகே பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. காட்டிலிருந்து பிடிக்கும் மீன்களில் சில, சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்பட்டவை. பண்ணை மீனில் அந்தப் பாவம் இல்லை. மகள் கேட்ட 'டோரி' மீனுக்கு மறுத்துவிட்டேன். அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், எங்கள் தொட்டி அதற்குச் சிறை. மேலும் ஒரு மாதம் கழித்துத் தோல் பவளமும் காளான் பவளமும் வைத்தோம். இரண்டும் தொடக்கக்காரரின் தவறுகளை ஓரளவு பொறுப்பவை. பொத்தான் பவளம் எனப்படும் சோவாந்தஸ் வாங்கினால் கவனம் தேவை. அவற்றில் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையுறை அணியாமல் தொடாதீர்கள், அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள்.

கடலிலிருந்து பவளத்தை உடைத்து வரும் எண்ணமும் வேண்டாம். கடல் பூங்காக்களில் அப்படிச் செய்வது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். வளர்ப்பவர்கள் வெட்டிப் பதியம் போட்ட துண்டுகளே கடையில் கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

தொட்டிக்கு இப்போது ஏழு மாதம். அம்மா மாலையில் தொடர் நாடகத்துக்கு முன் பத்து நிமிடம் அதன் எதிரில் உட்காருகிறார்.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு வெப்பமானி மட்டும் வாங்குங்கள். தொட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, ஒரு வாரம் பிற்பகலில் அளந்து எழுதுங்கள். குளிரூட்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டுமா என்பதை அந்த ஏழு எண்களே சொல்லிவிடும். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.