பத்தாயிரம் ஆண்டு நிற்க வேண்டிய எச்சரிக்கை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே பாலைவனத்துக்கு அடியில் 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறையைக் குடைந்து அறைகள் அமைத்திருக்கிறார்கள். அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவுகள் 1999 முதல் பீப்பாய் பீப்பாயாக அங்கே இறங்குகின்றன. புளூட்டோனியம் பட்ட கையுறை, துணி, கருவி எல்லாம் அதில் அடக்கம். உப்புப் பாறை அழுத்தத்தில் மெல்ல நகரும். அறைகள் நாளடைவில் தாமாகவே மூடிக்கொள்ளும்.

ஆபத்து மேலிருந்துதான் வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் எரிவாயுவும் பொட்டாஷும் கிடைக்கின்றன. விவரம் தெரியாமல் யாராவது துளையிட்டால்? புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் ஆகும். குறைந்தது 10,000 ஆண்டுக் காலத்தையாவது கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அரசு விதி. மனிதன் எழுதக் கற்றே ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன.

அவ்வளவு காலம் நிற்கும் எச்சரிக்கையை வடிவமைக்க, சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம் மொழியியலாளர், மானிடவியலாளர், பொறியாளர் எனப் பலரைக் கூட்டியது. வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் பங்காற்றிய ஓவியர் ஜான் லொம்பர்கும் வானியலாளர் பிராங்க் டிரேக்கும் அதில் இருந்தார்கள். அறிக்கை 1993இல் வெளியானது. நிலமெங்கும் ராட்சத முட்களை நட்டு அச்சுறுத்தலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் மிரட்டும் கட்டுமானம் ஆசையையும் கிளப்பும். எகிப்தியக் கல்லறைகளைத் திருடர்கள் தேடித்தேடித்தான் தோண்டினார்கள். படக்கதையாகச் சொல்வதிலும் வில்லங்கம் உண்டு. கழிவைத் தொட்டவன் நோயில் விழுவதாக இடமிருந்து வலமாக வரைந்ததை வலமிருந்து படித்தால், நோயாளி அதைத் தொட்டுக் குணமானதாக ஆகிவிடும்.

கடைசியில் உருவான திட்டம் ஒரே செய்தியைப் பல வழியில் சொல்கிறது. சுரங்கத்தை மூடியபின் அந்த இடத்தைச் சுற்றி சுமார் 10 மீட்டர் உயர மண்கரை எழும்பும். அதற்குள் காந்தங்களும் ரேடார் அலையைத் திருப்பும் உலோகமும் புதைக்கப்படும். எழுத்தே தெரியாவிட்டாலும் கருவி காட்டிக்கொடுக்கும். நடுகற்களுக்குக் கருங்கல். உலோகமென்றால் பெயர்த்து விற்றுவிடுவார்கள். கல்லில் ஐ.நா.வின் ஆறு மொழிகளோடு அந்த வட்டாரப் பழங்குடியினரின் நவஹோவும் சேர்ந்து ஏழு மொழிகளில் எச்சரிக்கை இருக்கும்.

கூடவே கொஞ்சம் வெற்றிடமும் விடப்படும். ஏழு மொழிகளும் வழக்கொழியத் தொடங்கும் காலத்தில், அவற்றைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அதே எச்சரிக்கையைத் தன் மொழியில் அங்கே பொறித்துவைக்கலாம். 10,000 ஆண்டுக்கு ஒரே மொழியை நம்பியிருப்பதைவிட, சில நூற்றாண்டுக்கு ஒருமுறை யாராவது மொழிபெயர்ப்பார்கள் என்று நம்புவது நடக்கக்கூடிய காரியம்.