மருத்துவரே நோயாளியாகும்போது

பிறர் பிணி தீர்க்கும் தொழிலில் ஈடுபட்டோரும் போதைப் பழக்கத்துக்கு ஆளாவதுண்டு. மருந்தின் தன்மையை அறிந்திருப்பது மட்டும் இதற்குக் காப்பாவதில்லை. இரவுப் பணி, உறக்கக் குறைவு, மார்பின், பெதிடின், பென்டசோசின் போன்ற வலிநீக்கிகள் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல், அளவைத் தாமே கட்டுப்படுத்தலாம் என்னும் எண்ணம் ஆகியவை இவ்விடருக்கு வழிகோலுகின்றன. மதுவும் மருத்துவத் துறையினரிடையே இத்தகைய நோய்க்குக் காரணமாகின்றது.

மறைத்ததன் விளைவு

அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் (1852-1922) என்பார் 1884-ஆம் ஆண்டில் கொக்கேயினைத் தம் உடலிலேயே செலுத்தி, நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை ஆராய்ந்தார். விரைவில் அம்மருந்துக்கு அடிமையானார். சிகிச்சை பெற்றபோது மார்பின் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அரும்பணி பல ஆற்றி உலகப் புகழ் பெற்றார். எனினும் மார்பின் பழக்கம் நீடித்ததென்பதை, அவருடைய நண்பர் வில்லியம் ஆஸ்லர் எழுதிவைத்த குறிப்பு 1969-இல் வெளியானபோதே பலரும் அறிந்தனர். பெரும் புகழும் நோயை நீக்கவில்லை. மறைக்க மட்டுமே உதவிற்று.

கண்காணிப்பின் பயன்

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் 16 மாநிலங்களில், மருத்துவர்களுக்கென அமைந்த நலத் திட்டங்களில் சேர்ந்த 904 பேரை ஆராய்ந்த அறிக்கை 2008-இல் வெளிவந்தது. முடிவு தெரிந்த 802 பேரில் 647 பேர் சிகிச்சையை முடித்து, மேற்பார்வையின்கீழ்ப் பணிக்குத் திரும்பினர். அவர்களுள் 126 பேரிடம் மட்டுமே, ஐந்தாண்டுக் காலத்தில் மது அல்லது போதைமருந்துப் பயன் சிறுநீர்ச் சோதனையில் தெரியவந்தது. ஐந்தாண்டு முடிவில் 631 பேர் உரிமத்துடன் பணியாற்றிவந்தனர்.

இப்பயன் எவ்வாறு கிட்டிற்று? முதலில் முழுமையான சிகிச்சை. பின்னர் முன்னறிவிப்பற்ற சோதனைகள். ஒத்த அனுபவமுடையோரின் குழுக் கூட்டங்கள். மீண்டும் பழக்கம் தலைகாட்டினால் உடனடி நடவடிக்கை. இவற்றுடன், பணிக்குத் திரும்பலாம் என்னும் உறுதியான நம்பிக்கையும் இருந்தது.

நம் நாட்டு நிலை

திருச்சானூர் போன்ற ஊரில் ஒரு செவிலியையோ மருத்துவரையோ அறியாதார் இரார். திருப்பதியின் பெரிய மருத்துவமனைக்குச் சென்றாலும், அங்குள்ளோர் உடன் பயின்றவராகவே இருத்தல் கூடும். நாணமே சிகிச்சைக்குத் தடையாகிறது. அத்தகையோர் வெளியூர் செல்லலாம். சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி.டி.கே. மருத்துவமனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் இத்துறையில் நெடுநாள் அனுபவமுடையவை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைக் காக்கின்றது. போதைமருந்துகள் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முற்றும் பெறுபவருக்கு, சில குற்றச்சாட்டுகளில் வழக்கிலிருந்து விலக்களிக்கின்றது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

களப்பணியாளர் கவனத்துக்கு

மருந்துக் கணக்கில் அடிக்கடி குறைவு, காரணமின்றிக் கூடுதல் இரவுப் பணியை விரும்புதல், வெப்பத்திலும் முழுக்கைச் சட்டை, நோயாளிக்குக் குறித்த மருந்து அளித்தும் வலி தணியாமை ஆகியவை ஆராயத்தக்க அறிகுறிகளாம். இவற்றில் ஒன்றைக்கொண்டே எவரையும் குற்றஞ்சாட்டுதல் தகாது. ஐயம் வலுப்பட்டால், தனிமையில் பரிவுடன் பேசி, நோயாளிகளின் பாதுகாப்புக் கருதிப் பணியினின்று சிறிது காலம் விலக்கி, அன்றே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

மதுவையும் தூக்க மருந்துகளையும் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகலாம். ஆதலின் மருத்துவ மேற்பார்வை இன்றியமையாதது. சிகிச்சைக்குப் பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுவதால், அபின் இன மருந்தைப் பழைய அளவில் மீண்டும் எடுப்பின் உயிர் போகக்கூடும். எனவே, பணிக்குத் திரும்பியவரிடம் மருந்து அறையின் சாவியை உடனே ஒப்படைத்தல் நம்பிக்கையின் அடையாளமாகாது; சில காலம் அதனின்று விலக்கிவைப்பதே உண்மையான உதவியாகும்.