கதிரில் பொரியும் ஒளி

இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடைப் பக்கம் மாணிக்கம் தேடிச் சரளை அரிக்கும்போது, கறுத்த, கனசதுர வடிவக் கல் சில நேரம் கூடையின் அடியில் தங்கும். அளவுக்கு மீறிக் கனக்கும். இலங்கையின் கனிம அளவாய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி 1904-இல் இதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் தோரியனைட்டு. மறுவருடமே லண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். கல்லில் உள்ள தோரியம் முதலில் ஒரு வகை ரேடியமாகும்; அந்த ரேடியம் இரண்டு படிகளில் பீட்டாத் துகள்களை உமிழ்ந்துதான் ரேடியோதோரியமாகும். ஆக, கல்லுக்குள் பீட்டாக் கதிர் ஓயாமல் பாய்கிறது. ஆனால் இருட்டில் வைத்தாலும் கல் கறுப்பாகவே இருக்கும். ஏன்?

தாச்சியில் எண்ணெயைக் காயவிடுங்கள். கடுகைப் போடும்வரை சத்தமே இல்லை. போட்டதும் படபடவென்று வெடிக்கும். சூடு எண்ணெயுடையது, வெடிப்பு கடுகுடையது. பீட்டாக் கதிர் சூடு மட்டுமே. கல்லில் கடுகு இல்லை. இருட்டில் மிளிரும் கைக்கடிகார முட்களில் சூடும் கடுகும் உண்டு, கூடவே ஒரு மூடியும்.

சூடு: திரித்தியம் என்பது பாரமான ஐதரசன். அதன் நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறும்போது ஓர் இலத்திரன் தெறித்து ஓடும். அதுதான் பீட்டாத் துகள். சராசரியாக 5,700 இலத்திரன்வோல்ற்று சக்தி அதற்கு உண்டு.

கடுகு: சிறிதளவு செம்பு கலந்த நாகசல்பைட்டுத் தூள். பாயும் துகள் படிகத்தின் இலத்திரன்களை மேலே கிளப்பிவிடும். அவை செம்பு இருக்கும் இடங்களில் மீண்டும் கீழே இறங்கும்போது பச்சை ஒளி வரும். ஓர் ஒளித்துணுக்குக்குச் சுமார் 2.4 இலத்திரன்வோல்ற்று போதும். பெரும்பகுதி வெப்பமாகப் போனாலும், ஒரே துகளில் நூற்றுக்கணக்கான ஒளித்துணுக்குகள் பிறக்கும். வெடித்த கடுகு முடிந்துபோகும். இந்தத் தூளோ பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த அடிக்குத் தயாராகும்.

மூடி: உட்புறம் தூள் பூசிய கண்ணாடிக் குழாயில் திரித்திய வாயுவை அடைத்துவிடுவார்கள். ஒளி வெளியே வரும், பீட்டா வராது. கைக்கடிகார முட்களும் மின்சாரம் தேவையற்ற வெளியேறும் வழிப் பலகைகளும் இப்படித்தான் மிளிர்கின்றன. 12.3 வருடங்களில் திரித்தியம் பாதியாகும், வெளிச்சமும் குறையும்.

பழைய ரேடியக் கடிகாரங்களின் கதை வேறு. அங்கே இருப்பது வேறு வகை ரேடியம்; அதன் பலமான ஆல்பாத் துகள்கள் தூளையே சிதைத்துவிடும். அந்த ரேடியம் பாதியாக 1,600 வருடங்கள் எடுக்கும். வெளிச்சம் அணைந்துவிட்டதே என்று அந்த முகப்பைத் திறந்து சுரண்டாதீர்கள். தீர்ந்தது கடுகுதான், சூடு அப்படியே இருக்கிறது.