வெளிச்சத்தால் மறைக்கப்பட்ட முகம்: மெர்ல் ஓபரான் குறித்துச் சில விளக்கங்கள்

'வுதரிங் ஹைட்ஸ்' (1939) படத்தை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை, கேத்தியாக நடித்த மெர்ல் ஓபரான் எனக்கு ஒரு வெள்ளைக்கார நடிகை, அவ்வளவுதான். இரண்டாம் தடவை பார்ப்பதற்குள் அவர் பம்பாயில் பிறந்தவர் என்பதைப் படித்துவிட்டிருந்தேன். அதே படம், அதே முகம். ஆனால் இந்தத் தடவை கதை என் கண்ணிலேயே படவில்லை. கன்னத்திலும் கண்ணோரத்திலும் எங்கேயாவது 'நம்ம ஜாடை' தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். படம் முடிந்த பிறகுதான் உறைத்தது: எந்தப் பார்வைக்குப் பயந்து அந்தப் பெண் ஆயுசு முழுக்க ஒளிந்திருந்தாரோ, அதே பார்வையால்தான் நானும் அவரை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சங்கடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் தகவல்கள். 1911 பிப்ரவரி 19இல் பம்பாயில் பிறந்தவர் எஸ்டெல் மெர்ல் ஓ'பிரையன் தாம்ப்சன். வீட்டில் கூப்பிடும் பெயர் 'குவீனி'. அவரை வளர்த்த சார்லட் செல்பி, இலங்கையிலிருந்து வந்த யுரேசியப் பெண். சார்லட்டைத்தான் மெர்ல் அம்மா என்று நினைத்து வளர்ந்தார். உண்மையில் சார்லட் அவருக்குப் பாட்டி. பெற்றவள் சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ், அப்போது அவளே ஒரு சிறுமி. குடும்ப மானத்தைக் காப்பாற்ற மகளின் குழந்தையைத் தாய் தன் குழந்தையாக்கிக்கொண்டாள். அதாவது, சினிமாக்காரர்கள் இவருக்கு ஒரு பொய்ப் பிறப்பைக் கட்டமைப்பதற்கு முன்பே வீடு ஒன்றைக் கட்டமைத்துக் கொடுத்துவிட்டது.

1917இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. அங்கே லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையில் படித்தார். கலப்பினப் பிறப்பைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியதால் படிப்பைப் பாதியில் விட்டார். டெலிபோன் ஆபரேட்டர் வேலை, அமெச்சூர் நாடகம் என்று கொஞ்ச காலம். 1920களின் கடைசியில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். லண்டனில் அலெக்சாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டு, 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII' (1933) படத்தில் ஆன் பொலினாக வந்து, தொடக்கத்திலேயே தலை வெட்டப்பட்டுச் செத்தார். சில நிமிடங்கள்தான், ஆனால் முகம் நின்றுவிட்டது.

கோர்டாவும் லேசான ஆளில்லை. ஹங்கேரியில் கெல்னர் என்ற யூதக் குடும்பத்தில் பிறந்து, பெயரை மாற்றிக்கொண்டு, இங்கிலாந்தில் ஆங்கிலேயரைவிட ஆங்கிலத்தனமான படங்களை எடுத்தவர். 'பிரிட்டிஷ் சினிமா' என்று நாம் சொல்கிற அந்தப் பிரதியை உருவாக்கியதில் வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓபரானுக்குத் தயாரிக்கப்பட்ட கதை இதுதான்: டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில், மேல்தட்டு வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தார், அப்பா வேட்டையில் இறந்த பிறகு இந்தியா வந்தார். ஏன் டாஸ்மேனியா? லண்டனுக்கும் ஹாலிவுட்டுக்கும் ரொம்ப தூரம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூர்வகுடிகளை 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய அழித்தொழித்து 'வெள்ளை'யாக்கப்பட்ட தீவு அது. நிறத்தை மறைக்க, நிறத்தை அழித்த மண்ணையே பிறப்பிடமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு நடிகையின் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1917இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியாவை உள்ளடக்கிய 'ஆசியத் தடைப் பகுதி' ஒன்றை வரைந்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 வரை அந்த நிலை மாறவில்லை. 1934 முதல் கறாராக அமலுக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதி, வெள்ளையர் - கறுப்பர் உறவைத் திரையில் காட்டக்கூடாது என்றது. நடைமுறையில் அது ஆசியர்கள் மேலும் விழுந்தது. அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி குட் எர்த்' (1937) படத்தில் சீனக் குடியானவப் பெண் வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை, வெள்ளை நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போனது. ரெய்னர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். வாங்கால் ஒளிய முடியவில்லை. ஓபரானால் முடிந்தது. இரண்டு பேரையும் ஒரே விதிதான் ஆண்டது.

அந்த ஒளிதலில் ஓபரான் எவ்வளவு தூரம் போனார் என்றால், 'தி டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை. அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு படத்தில் ஜப்பானியச் சீமாட்டியாக நடித்திருந்தார். 'கீழைத்தேய' முகமாக அறிமுகப்படுத்தி, பிறகு அந்தக் கிழக்கைக் கழுவிவிட்டு ஆங்கிலப் பெண்ணாக விற்பது. சந்தை இரண்டையுமே கேட்டது.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 1937இல் ஒரு கார் விபத்தில் ஓபரானின் முகத்தில் காயம் பட்டது. 'தி லாட்ஜர்' (1944) படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், அந்தத் தழும்புகளை மறைக்கக் கேமரா லென்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். அடுத்த வருஷம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த விளக்குக்கு 'ஓபி' என்று பெயர். அது வேலை செய்கிற விதம் எளிமையானது. தழும்பு நமக்குத் தெரிவது நிழலால்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழல் போடும். பார்க்கிற கண்ணின் திசையிலிருந்தே வெளிச்சம் போனால் நிழல் பொருளுக்குப் பின்னால் போய்விடும், கேமராவுக்குத் தெரியாது. முகம் வழவழவென்று ஒளிரும். நாம் வழக்கமாக அதிகாரம் இருட்டில் மறைக்கிறது என்றுதான் பேசுகிறோம். இங்கே மறைப்பு வெளிச்சத்தால் நடந்திருக்கிறது. அதுவும் பார்ப்பவனின் கண் இருக்கும் இடத்திலிருந்தே புறப்பட்ட வெளிச்சத்தால்.

கதைக்குள்ளே என்ன நடந்தது என்பது இன்னும் விசித்திரம். எமிலி பிரான்டியின் நாவலில் ஹீத்கிளிஃப்தான் கறுத்தவன், எங்கிருந்தோ வந்த அநாதை. அவனைக் கப்பலில் வந்த இந்திய லாஸ்கர் பையனாக இருக்குமோ என்று ஒருவர் சந்தேகப்படுகிறார். அவன் அம்மா ஒரு இந்திய ராணியாக இருக்கலாமே என்று வேலைக்காரி தேற்றுகிறாள். படத்தில் அந்தக் 'கறுத்தவன்' வேடம் லாரன்ஸ் ஒலிவியருக்கு. வெள்ளைச் சீமாட்டி வேடம் கல்கத்தாவின் குவீனிக்கு. மற்றமையாக ஒரு வெள்ளையர் நடிக்க, உண்மையான மற்றமை எதிரே நின்று வெள்ளையாக நடிக்கிறது. படம் பார்த்த யாருக்கும் அது தெரியாது. ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் சார்லட். லண்டனில் மகளோடு இருந்தார், ஆனால் வந்துபோகிறவர்களிடம் வேலைக்காரி என்றே சொல்லப்பட்டதாக எழுதுகிறார்கள். 1937இல் இறந்துபோனார். 1949இல் ஓபரான் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அம்மாவை ஓவியமாக வரையச் சொன்னார், நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கும்படி சொல்லி. அந்தப் படம் கடைசி வரை அவர் வீட்டில் தொங்கியது. இதைத் துரோகம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தபடியே இருந்தால் அம்மாவைச் சுவரில் மாட்ட முடியாது. மாட்டாமலும் இருக்க முடியவில்லை.

1978இல் ஹோபார்ட் நகரம் 'நம் மகள்' என்று கூப்பிட்டு வரவேற்பு கொடுத்தது. போனார். அங்கே உடம்பு சரியில்லாமல் போனது. மறு வருஷம் நவம்பர் 23இல் இறந்தார். 1983இல் வந்த வாழ்க்கை வரலாறுதான் இந்தியப் பிறப்பை வெளியே கொண்டுவந்தது. டாஸ்மேனியாவில் பலர் அதற்குப் பிறகும் நம்பவில்லை. 2023இல் மிஷேல் யோ சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கியபோது, 1936லேயே ஒரு ஆசியப் பெண் பரிந்துரைக்கப்பட்டார் என்று உலகம் ஓபரானைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஹோபார்ட் உரிமை கொண்டாடியது போலவே இப்போது நாமும் கொண்டாடுகிறோம். 'நம்மவள்' என்று சொல்லும்போது சார்லட்டுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது, சரிதான். ஆனால் அந்த நியாயத்துக்காக மெர்லின் முகத்தை இன்னொரு தடவை சோதனை போட வேண்டியிருக்கிறதா? மூன்றாம் தடவை படம் பார்த்தால், அவர் கன்னத்தில் எதையும் தேடாமல், அந்த வெளிச்சம் யாருக்காக எரிந்தது என்பதை மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முடிகிறதா பார்ப்போம்.