வேலை நின்ற பிறகு வரும் குளிர்

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் வீடு வாசலையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஒன்றை அனுபவத்தில் அறியும். பகல் முழுவதும் சேறு அள்ளும்போதும் சாமான் சுமக்கும்போதும் தெரியாத குளிர், மாலையில் ஓய்ந்து உட்கார்ந்ததும் எலும்பைத் துளைக்கிறது. இது ஏன்?

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது. மீதி சூடாக வெளிப்படுகிறது. மண்வெட்டி பிடிப்பவருக்கு உடம்பே அடுப்பு. சூடு மிஞ்சிவிடாதபடி தோலுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, வேர்வை சுரக்கிறது. வேலை நின்றதும் அடுப்புத் தணிந்துவிடும். ஆனால் விரிந்த இரத்தக் குழாய்கள் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. நனைந்த சட்டையும் காய்வதில்லை. அந்த ஈரம் உலரும்போது உடம்பின் சூட்டையே கொண்டுபோகிறது. காற்றும் அடித்தால் சொல்லவே வேண்டாம்.

குளிர் பட்டால் உடம்பு நடுங்குவது நல்லதற்கே. தசைகள் தாமாக அசைந்து சூடு உண்டாக்குகின்றன. ஆனால் பல மணி நேரம் உழைத்து, பசியோடும் தூக்கமின்றியும் இருப்பவருக்கு இந்த நடுக்கம் பிந்தி வரலாம். வந்தாலும் போதிய சூடு தராது. விறகு தீர்ந்த அடுப்பு எப்படி எரியும்?

1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டர்பிஷயர் மலைப்பகுதியில் நடந்த நெடுநடைப் போட்டியொன்றில் மூன்று இளைஞர்கள் குளிரால் இறந்தார்கள். 1953இல் எவரெஸ்ட் குழுவோடு சென்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ அதை ஆராய்ந்தார். ஈர உடை, காற்று, களைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரணம் எனக் கண்டார். விரைந்து நடக்கும்வரை உடம்பு தாக்குப்பிடிக்கிறது. நடை தளர்ந்ததும் சூடு உற்பத்தி விழுந்துவிடுகிறது.

கொழுந்தெடுக்கும் நம் தாய்மார் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாக மலைக்குப் போவதைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞர்கள் உண்டு. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்திச் சட்டை அப்படியல்ல.

ஆகவே, மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டி வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் உட்காரும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். இடையிடையே ரொட்டியோ கிழங்கோ சாப்பிட்டு, சீனி போட்ட சாயத்தண்ணி குடியுங்கள். உடம்பு வலிக்கு, குளிருக்கு என்று சாராயம் தேடுவது வேண்டாம். அது தோலில் சூட்டைக் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்; நடுக்கத்தையும் மழுக்கும்.

ஒருவருக்குப் பொத்தான் போட விரல் வராமல், கால் இடறி, பேச்சுக் குழறினால் கவனியுங்கள். உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது மிக ஆபத்து. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூடுங்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூட்டுப் பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்கவோ நடக்கவைக்கவோ வேண்டாம். படுத்தபடியே வைத்திருந்து, 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.