அருமையும் விலையும்: 1930களின் உயர்தர வானொலிப் பெட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருள் அரிதாக இருப்பதனாலேயே அது உயர்ந்தது என்னும் எண்ணம் பழம்பொருள் சேகரிப்போரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆயின் அருமை என்பது பொருளின் இயல்பன்று, வரலாற்றின் விளைவு. ஒரு பொருள் தோன்றிய காலத்தில் ஏன் சிறுதொகையாகவே செய்யப்பட்டது, அச்சிறுதொகையுள்ளும் ஏன் சில மட்டுமே எஞ்சின என்னும் இரு வினாக்களுக்கும் விடை காணாதவிடத்து, அருமை பற்றிய பேச்சு வெறும் வியப்பாகவே முடிந்துவிடும். 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட உயர்தர வானொலிப் பெட்டிகள் இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான சான்றுகளாகும்.

சிக்காகோ நகரின் செனித் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் ‘ஸ்ட்ராற்றோஸ்பியர்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. அதில் 25 வால்வுகளும் மூன்று ஒலிபெருக்கிகளும் இருந்தன. விலை 750 டொலர். ஏறத்தாழ 350 பெட்டிகளே செய்யப்பட்டன. 1936இல் சின்சினாட்டி நகரின் குறொஸ்லி நிறுவனம் இதனையும் விஞ்சியது. தான் நடத்திய ‘டபிள்யூ. எல். டபிள்யூ.’ வானொலி நிலையத்தின் பெயரையே தாங்கி அது வெளியிட்ட பெட்டியில் 37 வால்வுகளும் ஆறு ஒலிபெருக்கிகளும் இருந்தன. விலை 1,500 டொலர். 1935இல் ஃபோர்ட் மோட்டார் வண்டியின் மலிவான வகை ஏறத்தாழ 500 டொலருக்கு விற்கப்பட்டது என்பதை நோக்கின், ஒரு வானொலிப் பெட்டியின் விலை மூன்று மோட்டார் வண்டிகளின் விலைக்குச் சமமாயிருந்தமை புலனாகும்.

விலையை டொலரில் மட்டும் கூறுவது போதாது. உழைப்பு நேரத்தில் அளந்தாலன்றி அதன் சமூகப் பொருள் தெளிவாகாது. 1938இல் நிறைவேற்றப்பட்ட நியாயமான உழைப்புத் தரங்கள் பற்றிய சட்டம் மணித்தியாலத்துக்கு 25 சதம் என்னும் ஆகக் குறைந்த கூலியையும், வாரத்துக்கு 44 மணித்தியாலம் என்னும் வேலை எல்லையையும் வகுத்தது. பண்ணைத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அப்பாதுகாப்பிலும் சேர்க்கப்படவில்லை. இவ்வளவுகோலின்படி, செனித் பெட்டி 3,000 மணித்தியால உழைப்புக்கு ஈடாகும். குறொஸ்லி பெட்டி 6,000 மணித்தியாலத்துக்கு ஈடாகும். அதாவது, உண்ணாமலும் வாடகை செலுத்தாமலும் ஒரு தொழிலாளி முன்னதற்காக 68 வாரங்களும் பின்னதற்காக 136 வாரங்களும் உழைக்க வேண்டும். 1930இல் ஃபில்கோ நிறுவனம் வெளியிட்ட மேசைப் பெட்டியின் விலை, வால்வுகள் நீங்கலாக, 49.50 டொலர். அதே அளவுகோலில் அது 198 மணித்தியாலம். 1933இல் உழைப்பாளருள் ஏறத்தாழ நாலிலொருவர் வேலையற்றிருந்த நாட்டிலே இவ்விலைகள் நிலவின என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின், அத்தொகைக்குப் பெறப்பட்டது யாது? ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியும் 37 வால்வுகள் கொண்ட பெட்டியும் ஒரே ஒலிபரப்பையே பெற்றன. மேலதிக வால்வுகள் தொலைதூர நிலையங்களைத் தெளிவாகப் பிரித்தறியவும் ஒலியின் வலுவைப் பெருக்கவும் உதவின என்பது உண்மையே. ஆயின் வீட்டறையில் கேட்பதற்கு ஓரிரு உவாற்று வலுவே போதுமாயிருக்க, குறொஸ்லி பெட்டி 75 உவாற்று வலுவை வழங்கியது. அதேவேளை, நாடளாவிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றைக் கடத்தாத தொலைபேசிக் கம்பிகளினூடாகவே நிலையங்களை அடைந்தன. அத்தகைய நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, விலைகொடுத்து வாங்கப்பட்ட ஆற்றலின் ஒரு பகுதி பயன்படாமலே கிடந்தது எனலாம். வால்வுகளின் எண்ணிக்கையே தரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டமையால், மலிவான பெட்டிகள் சிலவற்றில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கென்றே பயனற்ற வால்வுகள் பொருத்தப்பட்டதும் இக்காலத்திலேயாகும். பயன்பெறுமதியிலிருந்து பிரிந்த அடையாளம் தனக்கென ஒரு சந்தையை உருவாக்கிக் கொள்ளும் முறைக்கு இது நல்லதொரு சான்று.

இவ்விடத்திற் பிறிதொன்றையும் சுட்டுதல் வேண்டும். 1,500 டொலர்ப் பெட்டியை விற்ற அதே குறொஸ்லி நிறுவனமே 1925இல் ‘பப்’ என்னும் ஒற்றை வால்வுப் பெட்டியை 9.75 டொலருக்கு விற்றது. ஆகவே மலிவும் ஆடம்பரமும் இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவையல்ல. ஒரே உற்பத்தி முறையின் இரு முனைகள். 1930ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐக்கிய அமெரிக்கக் குடும்பங்களில் 40 சதவீதமானவற்றிலேயே வானொலி இருந்தது. 1940இல் இது 80 சதவீதத்தைத் தாண்டியது. இப்பெருக்கத்தைச் சாத்தியமாக்கியவை சிறு பெட்டிகளே. பரந்த சந்தையின் இலாபமே உச்சப் பெட்டிக்கு அடித்தளமிட்டது; உச்சப் பெட்டியின் புகழோ சிறு பெட்டிகளுக்கு விளம்பரமாயிற்று.

மலிவு தன்னளவில் மக்கள் சார்பானது என முடிவுகட்டுவதும் தவறாகும். 1933இல் ஜேர்மனியில் நாற்சி அரசு 76 மார்க் விலையில் ‘மக்கள் வானொலி’யை அறிமுகப்படுத்தியது; 1938இல் 35 மார்க்குக்கு மேலும் மலிவான பெட்டி வந்தது. 1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் பிறநாட்டு நிலையங்களைக் கேட்பது அங்கு தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கருவியின் விலையோடு, ஒலிபரப்பு எவர் கையில் உள்ளது என்பதையும் சேர்த்தே நோக்குதல் அவசியம்.

இனி, எஞ்சியவை ஏன் சில என்பதை நோக்கலாம். இப்பெட்டிகள் பாரிய தளபாடங்கள். சிறிய வீடுகளில் அவற்றுக்கு இடமில்லை. 1942 ஏப்ரலில் போர்த் தேவைக்காகப் பொதுமக்களுக்கான வானொலி உற்பத்தி ஐக்கிய அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் வரவேற்பறையைத் தொலைக்காட்சி கைப்பற்றியது. 1945இல் பண்பலை ஒலிபரப்பு வேறு அலைவரிசைக்கு மாற்றப்பட்டமையால், போருக்கு முந்திய விலையுயர்ந்த பண்பலைப் பெட்டிகளின் அப்பகுதி பயனற்றதாயிற்று. இவ்வாறு, செய்யப்பட்டபோதே சிலவாயிருந்தவை மேலும் சிலவாயின.

இன்று அவற்றுக்குக் கொடுக்கப்படும் விலையை அவற்றைச் செய்ய வேண்டிய உழைப்பைக் கொண்டு விளக்க இயலாது. உழைப்பினால் மீண்டும் உற்பத்தி செய்யப்பட முடியாத பழம்பொருள்கள், கலைப்படைப்புகள் ஆகியவற்றின் விலையைத் தற்செயலான பல சேர்க்கைகளே தீர்மானிக்கக்கூடும் என ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சுட்டியுள்ளார். வாங்குவோனின் விருப்பமும் வசதியுமே இங்கு அளவுகோல்.

இவ்விலைப் பேச்சில் முற்றாக மறைந்துபோவது அப்பெட்டிகளைச் செய்தோரின் வரலாறாகும். குறொஸ்லியின் உச்சப் பெட்டி வெளிவந்த 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மின்சார, வானொலித் தொழிலாளரின் ஐக்கியச் சங்கமும் தோன்றியது. 37 வால்வுகளை நினைவில் வைத்திருக்கும் சேகரிப்போர் பலர் இதனை அறியார். ஓர் அரும்பொருட்காட்சியகம் இப்பெட்டியைக் காட்சிக்கு வைக்குமாயின், அதனருகே 9.75 டொலர்ப் பெட்டியையும் அக்காலக் கூலிப் பட்டியலையும் அச்சங்கத்தின் வரலாற்றையும் சேர்த்து வைத்தல் வேண்டும். அப்போதுதான் அருமை என்பது எவருக்கு எது கிட்டாதிருந்தது என்பதன் பதிவு என்பதைப் பார்வையாளர் உணர்வர்.